பட்டரவாக்கத்தில் இறங்கியவர்களும் அஞ்சாவது டம்ளரும்

நேற்றுக் காலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்க வேண்டிய ஒரு பெண் இறங்காமல் போனாள். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

எழும்பூரில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஆவடியில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஏறினேன். பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன். வெள்ளெழுத்து வந்ததிலிருந்து என் கையில் இருப்பது எனக்குத் தெரிவதில்லை. பக்கத்து ஆள் கையில் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. நாகரிகம் இல்லைதான். ஆனாலும் எட்டிப் பார்த்தேன். யாரோ அனுப்பிய பேய்க் கதை. ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது. என்ன வரி என்று இப்போது சொல்லமாட்டேன். நான் இதே ரயிலில் ராணியக்கா என்பவளின் பெட்டியில் வளர்ந்தவள். கடைசியில் வர வேண்டியதை முதலில் சொல்பவளுக்கு அங்கே நிற்கக்கூட இடம் கிடைக்காது.

பட்டரவாக்கம் வந்தது, போனது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில்தான் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"ஐயோ ஆன்ட்டி, பட்டரவாக்கம் போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா. கொரட்டூர்ல எறங்கி அடுத்த வண்டில திரும்பிடு."

சொல்லிவிட்டு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். கிறுக்குப் பிடித்த பொம்பளை என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். அவள் மறுபடி போனில் குனிந்ததும் என் மூக்கில் லேசர் பிரின்ட் தாளின் வாசனை அடித்தது. பெட்டியில் தாள் எதுவும் கிடையாது. மூக்குக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

நான் செங்கம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிது. சேக்காட்டில் ஒரு மாடி அறையில் நானும் மல்லிகாவும் இருந்தோம். இரண்டு பேருக்கும் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற கம்பெனியில் வேலை. பட்டரவாக்கத்தில் இறங்கிப் போக வேண்டும். மெஷின் சுற்றச் சுற்ற எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை காட்டும் முள் ஒன்று மெஷினிலேயே உண்டு, ஆனால் அந்த முள் பொய் சொல்லும். அதனால் மனதுக்குள்ளும் எண்ணவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாடிப் படியை எண்ணுவேன், தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன், எதிரே வருகிறவர் சட்டைப் பொத்தானை எண்ணுவேன். மல்லிகா தலையில் அடித்துக்கொள்வாள். இந்த எண்ணுகிற புத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

காலை ரயிலில்தான் ராணியக்காவைப் பார்த்தேன். முத்தாபுதுப்பேட்டைக்காரி. பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் தமிழ் டைப் அடிக்கிற வேலை. மூலை சீட்டு அவளுடையது. எவளாவது புதிதாக வந்து உட்கார்ந்தால் "அது எம்புருசன் எழுதி வெச்ச எடம், எந்திரி கண்ணு" என்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வரும். கவரைத் திறந்தால் அந்த வாசனை. கருப்பு மையும் காகிதமுமாக, யாரோ இப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி. உள்ளே பன்னிரண்டு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. தலைப்புக்குக் கீழே ‘மசானமூர்த்தி’ என்று பெயர்.

"யாருக்கா இந்த மசானமூர்த்தி?" என்று முதல் நாளே கேட்டேன்.

"எங்க பிரஸ்சுக்கு வர்ற ஆளு. பத்திரிகைக்காரன் எவனும் அவர் கதைய போட மாட்றான். சொந்தமா புக்கு போடப் போறாராம். தப்பு பாக்கறதுக்கு எடுத்த காப்பி இது. ஒண்ணுதான் கீது. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

ஒரே பிரதி, படிக்கப் பதினைந்து இருபது பேர். அதனால் பெட்டியில் ஒரு முறை இருந்தது. வண்டி ஆவடியில் கிளம்பியதும் ராணியக்கா ஹேர்பின்னால் நெம்பி ஸ்டேப்ளர் முள்ளை எடுத்துவிடுவாள். முதல் தாள் பெரம்பூர் டீச்சருக்கு. அவர் பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வேகமாகப் படிப்பார். அவர் முடித்த தாள் அடுத்தவளுக்கு, அவள் முடித்தது அதற்கடுத்தவளுக்கு. இப்படிப் பேய் தாள் தாளாகப் பெட்டி முழுக்க நடந்து போகும். பூ வாசனை, பவுடர் வாசனை, எவளோ கட்டிவந்த புளிசாத வாசனை, பளீரென்று காலை வெயில், இவ்வளவுக்கும் நடுவில் பேய்க் கதை. அதுவும் எப்படிப்பட்ட கதைகள்! அரண்மனை கிடையாது, வௌவால் கிடையாது. பேய் குவார்ட்டர்ஸில் இருக்கும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும், மாவு மிஷினில் தூக்குச்சட்டியோடு முறைக்குக் காத்திருக்கும். நம்மைப் போலவே எட்டு மணி வண்டியைப் பிடிக்க ஓடும். எனக்கு அதுவரை தெரிந்த பேய்களெல்லாம் புளியமரத்தைவிட்டு நகராத சோம்பேறிகள்.

நான் வரிசையில் ஐந்தாவது ஆள். அண்ணனூரில் முதல் தாள் கைக்கு வரும். திருமுல்லைவாயிலில் மூன்று, அம்பத்தூரில் ஆறு. எட்டாவது தாளின் கடைசி வரியில் ரத்தம் உறைந்து நிற்கும்போது பட்டரவாக்கம் வந்துவிடும். இறங்க வேண்டும்! மிச்சம் நாலு தாள் எங்களை விட்டுவிட்டு சென்ட்ரலுக்குப் போகும். நான், மல்லிகா, இன்னும் ஆறேழு எஸ்டேட் பெண்கள் பிளாட்பாரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம்.

மறுநாள் கேட்டால் சொல்வார்களா? மாட்டார்கள். முன்னால் படித்தவள் பின்னால் படிப்பவளிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பது பெட்டியின் சட்டம். சொன்னவளுக்கு அடுத்த கதையில் தாள் கிடையாது. வண்டியைவிட்டு இறங்கிய எங்களுக்கும் அதே சட்டம்தான் என்று ராணியக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பட்டரவாக்கத்துல எறங்கறது ஒந்தலையெழுத்து. அதுக்கு நான் இன்னாடி பண்றது? சென்ட்ரலாண்ட வேல தேடிக்கோ."

எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா! முடிவு தெரிந்த பேய் அன்றோடு போய்விடும். முடிவு தெரியாத பேய் கூடவே கம்பெனிக்கு வரும், காயில் சுற்றும், மாலையில் சேக்காட்டு அறைக்கு வந்து நம் வாளியில் தண்ணீர் பிடிக்கும். மல்லிகா இல்லாமல் மாடியில் துணி எடுக்கப் போகமாட்டேன் நான். கடைசியில் வேறு வழியில்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நானே ஒவ்வொரு கதைக்கும் முடிவு கட்ட ஆரம்பித்தேன். ஒரு முறை கிணற்றுப் பேயை எப்படி வெளியேற்றுவது என்று யோசித்துக்கொண்டே முந்நூறு சுற்று வேண்டிய காயிலை நானூற்றுப் பத்து சுற்றிவிட்டேன். சூப்பர்வைசர் அந்தக் காயிலைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கும்மா, யானைக்கா?" என்றார்.

இதில் இன்னொன்று. எட்டாவது தாளைக் கொடுத்துவிட்டு நான் இறங்கும்போது ராணியக்கா ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் ஏமாற்றத்தைக் கேலியாகப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை ‘அஞ்சாவது டம்ளர்’ வந்தது.

கதை இதுதான். ஒரு குடும்பம், நாலு பேர், டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றுக்குக் குடிவருகிறார்கள். தினம் காலையில் அந்த வீட்டுக்காரி காபி போடுகிறாள். கழுவப்போடும்போது பார்த்தால் ஐந்து எச்சில் டம்ளர். நாலு பேர் வீட்டில் ஐந்தாவது டம்ளரில் குடித்தது யார்? டம்ளர்களை ஒளித்துவைக்கிறாள், பூட்டிவைக்கிறாள், ஐந்து வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. அம்பத்தூர் வருவதற்குள் நான் பயத்தில் மல்லிகாவை ஒட்டிக்கொண்டேன்.

டம்ளரால் மட்டும் இல்லை. எண்ணுகிற புத்தி என்றேனே, அது வேலை செய்திருந்தது. வேறு யாருமே கவனிக்காத ஒன்று அந்தத் தாள்களில் இருந்தது. அட, இந்த மசானமூர்த்தி பெரிய ஆள்தான், கடைசித் தாளில் இதை வைத்துத்தான் நம்மைக் கவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பட்டரவாக்கம் வந்தது. மல்லிகா இறங்கினாள். நான் இறங்கவில்லை.

அந்த மாதம் ஏற்கனவே இரண்டு நாள் லேட். மூன்றாவது தடவை லேட்டானால் கேட்டோடு திரும்பிப் போய்விடு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஊரில் என் சம்பளத்தை நம்பித் தம்பி காலேஜில் சேர்ந்திருந்தான். எல்லாம் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

"ஏய், எறங்குடி! வேல போயிடும்டி!" மல்லிகா பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்தாள்.

"போனா போகட்டும்டி!" என்று கத்தினேன். என் வாயிலிருந்தா அப்படி வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கொரட்டூரில் பத்தாவது தாள். வில்லிவாக்கம் தாண்டிப் பதினொன்று. லோகோ ஒர்க்ஸ் நெருங்கும்போது, எத்தனையோ மாதமாக எனக்கு மறுக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டாவது தாள் கைக்கு வந்தது. படித்தேன். ஒரு பூசாரி வருகிறார். எலுமிச்சம்பழம் அறுக்கிறார். விபூதி அடிக்கிறார். அஞ்சாவது டம்ளர் வெடித்துச் சிதறுகிறது. சுபம்.

"சீச்சீ! இதுவா முடிவு?"

பெட்டியே திரும்பியது. டீச்சர் விரலை நீட்டினார். "பின்னாடி இன்னும் படிக்கலை. முடிவைச் சொல்லாதே."

"நான் முடிவைச் சொல்லலை டீச்சர். முடிவே இல்லைங்கறேன். இதுக்கா நான் வேலையை விட்டுட்டு வந்தேன்? பூசாரி யாருக்கு வேணும்? அந்த மாமியார் என்ன ஆனாங்க?"

"எந்த மாமியார்?"

"முதல் தாள்ல எத்தனை பேர் குடிவராங்க? நாலு பேர். புருஷன், பொண்டாட்டி, பையன், பொண்ணு, அதோட சரி. மூணாவது தாள்ல மாமியார் டம்ளரை வாங்கி, சக்கரை கம்மின்னு சொல்றாங்களே, அவங்களைச் சேர்த்தா எத்தனை? டம்ளர் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆளுதான் ஜாஸ்தி."

டீச்சர் தாள்களை எல்லாம் திருப்பி வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி முதல் தாளிலிருந்து விரல் வைத்துக்கொண்டே போனார். மூன்றாவது தாளில் விரல் நின்றது.

"ஆமா... இந்தம்மா எப்ப வந்தாங்க?"

ராணியக்கா மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "சரிடி," என்றாள் மெல்ல. "நீயா இருந்தா இன்னா முடிவு வெப்ப?"

சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், ரயில் சத்தத்தில் கடைசிவரை கேட்க வேண்டுமே. அந்த வீட்டுக்காரி ஒரு நாள் நாலே நாலு டம்ளரை வைத்துவிட்டு மிச்சத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். எல்லாரும் வந்து எடுத்துக் குடிக்கிறார்கள். நாலும் காலி. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, தான் இன்னும் குடிக்கவில்லை. கூடத்தை எட்டிப் பார்க்கிறாள். புருஷன், பையன், பொண்ணு, மாமியார். அவளோடு சேர்த்து ஐந்து. ஐந்து பேரும் அவளுக்குத் தெரிந்த முகம். ஐந்து பேரைப் பற்றியும் ஆயிரம் ஞாபகம் இருக்கிறது. யார் வந்து சேர்ந்தது? பீரோவிலிருந்து ரேஷன் கார்டை எடுக்கிறாள். அதில் நாலு பெயர்தான் இருக்கும். எந்தப் பெயர் இல்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும். கார்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்கிறாள். இல்லாத பெயர் பையனுடையதாக இருந்தால்? தன்னுடையதாக இருந்தால்? பிரிக்காமலே உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். மறுநாள் காலையில் அஞ்சு டம்ளர் எடுத்து வைக்கிறாள்.

பெட்டியில் ஒரு சத்தம் இல்லை. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில், அதுவும் திங்கட்கிழமை காலையில்! நான் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ஒவ்வொருத்தியும் கட்டைவிரலால் விரல் கணுவைத் தொட்டுத் தொட்டு, உதடு மட்டும் அசைய, தன் வீட்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். டீச்சரும்தான். நான்கு, ஐந்து, ஆறு என்று போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வியாசர்பாடி போர்டைப் பார்த்த பிறகுதான், "ஐயையோ, பெரம்பூர்!" என்று எழுந்தார். அத்தனை வருடத்தில் அவர் ஸ்டேஷனைத் தவறவிட்டது அன்று ஒரு நாள்தான். எனக்கு அன்றைக்கு யாராவது கலெக்டர் உத்தியோகம் கொடுத்திருந்தாலும் இரண்டாம்பட்சம்தான்.

பேசின் பிரிட்ஜில் நான் இறங்கித் திரும்ப வேண்டும். ராணியக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வாசலோரம் இழுத்துவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அது வேணும்னு எழுதுனது இல்லடி. தப்பு. மாமியார எண்ணிக்கைல சேக்க மறந்துபூட்டேன். எங்க ஊட்லயே சேக்கறதில்ல, கதைல எங்க சேக்கறது?"

"நீங்களா?"

"நான்தான் மசானமூர்த்தி. கத்தாத. நான்னு தெரிஞ்சா, மூஞ்சிக்கு நேரா எல்லாம் நல்லாகீதுன்னுதான் சொல்வாளுங்க. உன் மூஞ்சப் பாத்துதான்டி நான் எழுதறதே. எட்டாவது தாளு பட்டரவாக்கத்துல முடியணும், நீ பேயறஞ்சாப்ல எறங்கணும். எறங்கிட்டா அந்தக் கத பாஸு. முடிவு மட்டும் எனக்கு வரவே வராது. அதான் பூசாரியக் கூப்ட்ருவேன்."

அட பாவி அக்கா! எத்தனை மாதம் அந்த நாலு தாளுக்காக ஏங்கியிருப்பேன், அதில் இருந்ததெல்லாம் பூசாரியா! கோபம் வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. கதை படித்தேன் சார் என்றேன். என்ன கதை என்றார். சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "உள்ள போம்மா," என்றார். டீ நேரத்தில் மெஷின் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல், "அந்தப் பையன்தானே?" என்றார்.

அடுத்த கதை நாளில் ராணியக்கா நாற்பது பிரதி கொண்டுவந்தாள். புது முடிவோடு ‘அஞ்சாவது டம்ளர்’, முள் குத்தியபடியே, ஆளுக்கொன்று. பிரஸ் முதலாளியிடம் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் தனியாக உட்கார்ந்து எடுத்தாளாம். பட்டரவாக்கத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தாள். அன்று நாங்கள் ஏழெட்டுப் பேர் முழுக் கதையையும் கையில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்த நடை இருக்கிறதே, அடேயப்பா. அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் பூசாரி வரவில்லை. கடைசித் தாளை எழுதுவதற்கு முன்னால் அவள் என்னிடம் போனில் சண்டை போடுவாள், நானும் விடமாட்டேன்.

அந்தப் பிரஸ் இப்போது இல்லை. புத்தகம் போட வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம், போடவில்லை. பெட்டிக்காரிகள் கல்யாணம், வேலை மாற்றம் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மல்லிகா ஓசூரில் இருக்கிறாள். என் பிரதியை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. நல்ல கதைக்கு அதுதான் கதி. ராணியக்கா போய்ச் சில வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "முடிவு இன்னாடி வெப்ப?" என்று கேட்டுச் சிரித்தாள். என்னால் அன்றைக்குத்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நேற்று அந்தப் பெண்ணின் போனில் நான் பார்த்த வரி இது: ‘மாமியார் டம்ளரை வாங்கி, சர்க்கரை கம்மி என்றாள்.’

நாற்பதில் ஏதோ ஒரு பிரதியை யாரோ பார்த்து டைப் அடித்திருக்கிறார்கள். மசானமூர்த்தி என்ற பெயர் எங்கேயும் இல்லை. பெயர் போனால் போகிறது. எனக்கு ஒரே கவலை, முடிவு இருக்கிறதா? போனில் அனுப்புகிறவர்கள் எதையும் வெட்டுவார்கள், எதையும் ஒட்டுவார்கள். பூசாரியை மறுபடி கூப்பிட்டிருந்தால்? பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று முடித்திருந்தால்? கொரட்டூர் வந்துவிட்டது. அவள் போனைப் பார்த்தபடியே எழுந்தாள்.

"முடிவு என்னம்மா?" வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி. ஆனா முடிவைச் சொல்லக் கூடாது," என்று இறங்கிப் போனாள்.

எதிர் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டியவள், இறங்கிய இடத்திலேயே நின்று படித்தாள். நான் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். வண்டி நகர ஆரம்பித்தது. அவள் போனைத் தாழ்த்தினாள். எங்கேயோ பார்த்தாள். பிறகு மெதுவாக, கட்டைவிரல் விரல் கணுக்களின் மேல் நகர்ந்தது. உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்சம் நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"யக்கா, பாஸு!" என்று வாய்விட்டே சொல்லி மூலை சீட்டுப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரோ ஒரு பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.